காது இரைச்சலும் அப்பாவின் றேடியோவும்

போன வருடம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. பிள்ளைகள் இருவரும் படுத்துவிட்டார்கள். குசினியைத் துடைத்து, லைட்டை நூத்துவிட்டு நானும் படுக்கப் போனேன். அப்போதுதான் கேட்டது. மெல்லிய ஒரு "கீ......". அந்தக் காலத்துப் பெட்டி ரீவியைப் போட்டுவிட்டு வொலியூமை முழுதாகக் குறைத்தாலும் ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்குமே, அதைப் போல.

ஃபிரிட்ஜ் என்று நினைத்துக் கீழே இறங்கிப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். இல்லை. பொயிலர் அறையைத் திறந்தேன். அதுவும் இல்லை. சுவரில் கொழுவியிருந்த போன் சார்ஜர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் ஏதோ நினைத்துக் காது இரண்டையும் கையால் பொத்தினேன். சத்தம் கூடியது! அப்போதுதான் விளங்கியது, அது வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை, என் இடது காதுக்குள்ளிருந்து வருகிறது என்று.

கணவரை எழுப்பினேன். "என்னப்பா, உங்களுக்கு ஏதும் கேக்குதோ?"

"உம்மட சத்தம்தான் கேக்குது. பேசாமல் படும்."

காலையில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பகலில் வேலை, பஸ், பிள்ளைகளின் சண்டை என்று எல்லாச் சத்தத்துக்குள்ளும் மறைந்து கிடக்கும். இரவு வீடு அடங்கியதும் வந்துவிடும். மூன்று கிழமை இப்படியே போனது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்த ஒரே வேலை, இரவு இரண்டு மணிக்குப் போனில் தேடிப் பார்த்ததுதான். ஒரு பக்கக் காது மட்டும் இரைந்தால் மூளைக்குப் பக்கத்தில் கட்டி இருக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு எங்கே நித்திரை?

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. லண்டனில் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். என் தமிழும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான். ஆனால் இந்த ஒரு வருடத்தில் காது இரைச்சலைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதியை முப்பது வருடத்துக்கு முதலே எங்கள் வீட்டில் யாராவது தெரிந்து வைத்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது அம்மாவுக்கு. சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது நான் ஒரு பக்கத் தலையைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டார். "தலைக்கு முழுகிப்போட்டு ஈரத்தோட திரிஞ்சிருப்பாய்" என்றார். பிறகு "உடம்புச் சூடு" என்றார். பிறகு நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சக் கிளம்பிவிட்டார். நல்லகாலம், அதற்கு நான் காதைக் கொடுக்கவில்லை. செவிப்பறையில் ஓட்டை ஏதும் இருந்தால், வெளியிலிருந்து ஊற்றும் எண்ணெய் உள்காதுப் பக்கம் போய் இருப்பதையும் கெடுத்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் அப்படித்தான், ஊத்தையை வெளியே எடுப்பதை விட உள்ளே தள்ளுவதே அதிகம். அப்படித் தள்ளி அடைபட்ட ஊத்தையே சில பேருக்கு இரைச்சலுக்குக் காரணம். எல்லாக் காரணங்களிலும் சுலபமாகத் தீரக்கூடிய காரணம் அதுதான். எனக்கும் அதுவாக இருக்கக்கூடாதா என்று கும்பிட்டுக்கொண்டுதான் ஜீபியிடம் போனேன்.

அது இல்லை. காது இரண்டும் சுத்தம் என்றார் அந்தப் பெண் டொக்டர். பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பிடித்தன. சத்தம் தொடர்ந்து வருகிறதா, அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து "டும் டும்" என்று வருகிறதா? துடிப்போடு வந்தால் அது வேறு வகை. காதுக்குப் பக்கத்து இரத்தக் குழாய்கள், இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, தைரொயிட் என்று அவர்கள் தேடும் இடங்களே வேறு. ஒரு காதா, இரண்டு காதா? கேள்வி குறைந்திருக்கிறதா? அது திடீரென்று குறைந்ததா? தலைச்சுற்று வருகிறதா? காது அடைத்த மாதிரி இருந்து, கேள்வி கூடிக் குறைந்து, உலகமே சுற்றுகிற மாதிரித் தலைச்சுற்றும் சேர்ந்து வந்தால் மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். என்ன மருந்து குடிக்கிறீர்கள்? அதிக அளவு அஸ்பிரின், மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன், ஜென்ரமைசின் போன்ற சில அன்டிபயோடிக், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், உடம்பு நீரை இறக்கும் சில குளிசைகள், இவையெல்லாம் காதைப் பாதிக்கலாமாம். (இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா அப்பாவின் குளிசையை நீங்களாக நிப்பாட்டிவிடாதீர்கள். டொக்டரைக் கேளுங்கள்.)

ஒரு விஷயத்தை அவர் இரண்டு தரம் சொன்னார், நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு நாளில் அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு காதின் கேள்வி சடாரென்று குறைந்தால், இரைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அவசரம். தடிமன், காது அடைப்பு, தானாகத் திறக்கும் என்று ஒரு கிழமை பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. இங்கே அப்படி வந்தவர்களை 24 மணி நேரத்துக்குள் காது நிபுணர் பார்க்க வேண்டும் என்பது விதி. ஸ்டீரொயிட் மருந்தை எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. நாள் போகப் போகப் பலன் குறையும்.

எனக்குக் கேள்வி குறைந்ததாகத் தெரியவில்லை. தலைச்சுற்றும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் என்பதால் ஸ்கானுக்கு எழுதினார். கேள்வி நரம்போடு ஒட்டி வளரும் ஒரு கட்டி இருக்கிறது, புற்றுநோய் இல்லை, அபூர்வம்தான், ஆனால் அது இல்லை என்று பார்த்துவிட வேண்டும் என்றார். நான் "அபூர்வம்" என்ற சொல்லை விட்டுவிட்டுக் "கட்டி" என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஸ்கானுக்குப் பதினொரு கிழமை. அந்தப் பதினொரு கிழமையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. இரவு இரவாக அவர்களின் அறை வாசலில் போய் நிற்பேன். நித்திரை குறையக் குறைய இரைச்சல் கூடியது. இரைச்சல் கூடக் கூட நித்திரை குறைந்தது. பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பதும் அந்த நாட்களில்தான் கூடியது என்று பிறகு தெரிந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் ஒன்றுமில்லை. கடிதம் வந்த அன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அன்று இரவும் "கீ......" என்றது. சரி, கட்டி இல்லை. அப்படியென்றால் இது என்ன?

இந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொன்னவர், கேள்விப் பரிசோதனை செய்த ஒடியோலொஜிஸ்ட். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதுக்கு ஹெட்போன் போட்டு, "பீப்" கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார். முடிவை ஒரு கோட்டுப் படமாகக் காட்டினார். இரண்டு கோடும் மேலே நேராகப் போய்க்கொண்டிருக்க, இடது காதின் கோடு 4000 ஹேர்ட்ஸ் என்ற இடத்தில் சின்னதாக ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அந்த இடத்துப் பள்ளம் பெரும்பாலும் சத்தத்தால் வருவது என்றார். எங்கே எப்போது என்று சொல்ல முடியாது. நான் யோசித்தேன். யூனிவர்சிட்டிக் காலத்து டான்ஸ் நிகழ்ச்சிகள், மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு நேரே மேசை கிடைத்த கலியாண வீடுகள், இரயிலில் கேட்ட பாட்டுகள். எது என்று எப்படிச் சொல்வது?

அவர் விளக்கியதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். உள்காதில், நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு குழாய்க்குள், ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தத்தை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். மனிதருக்கு அவை ஒரு தரம் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட சுருதிக்கான கலங்கள் பழுதானால், அந்தச் சுருதியில் மூளைக்கு வரும் செய்தி குறைகிறது. மூளை என்ன செய்கிறது? ஸ்டேஷன் சரியாக இழுக்காவிட்டால் நாங்கள் வொலியூமைக் கூட்டுவது போல, அந்த இடத்தில் தன் வொலியூமைக் கூட்டுகிறது. கூட்டும்போது, சாதாரணமாகக் காதில் படாத நரம்புகளின் சொந்த இரைச்சலும் சேர்ந்து கேட்கிறது. எல்லாருடைய டினிட்டஸுக்கும் இதுதான் காரணம் என்று இல்லை. ஆனால் கூடுதலான ஆராய்ச்சியாளர்கள் ஏற்கும் விளக்கம் இதுதானாம்.

"அப்படியென்றால் பரிசோதனையில் கேள்வி சரியாக இருப்பவர்களுக்கு ஏன் வருகிறது?" என்று கேட்டேன். சிரித்தார். 2009இல் ஹார்வர்டைச் சேர்ந்த குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னார். கடும் சத்தம் கேட்ட எலிகளின் கேள்வி சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது, மயிர்க்கலங்களும் இருந்தன. ஆனால் கலங்களையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் பெரும் பகுதி போய்விட்டது. அதைச் சாதாரண "பீப்" பரிசோதனை காட்டாது. இன்னொன்றும் சொன்னார். 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இருவர், கேள்விக் குறை எதுவும் இல்லாத 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் இருத்தி, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்களாம். அதாவது, முழு அமைதியில் எல்லார் காதுக்குள்ளும் ஏதோ இருக்கிறது. வித்தியாசம், சில பேருக்கு அது அமைதி இல்லாத இடத்திலும் கேட்கிறது.

பிறகு பல்லை இறுக்கிக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். சத்தம் ஒரு சுருதி ஏறியது! தாடையை முன்னால் தள்ளச் சொன்னார். மாறியது. கழுத்தைத் திருப்பினாலும் கொஞ்சம் மாறியது. தாடை, கழுத்துத் தசைகளிலிருந்து வரும் நரம்புகளும் கேள்வி நரம்புகளும் மூளைத் தண்டில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அதனால் தாடை இறுகினால் இரைச்சல் கூடலாம் என்றார். பல் டொக்டரிடம் போனபோது, நித்திரையில் நான் பல் கடிப்பது பற்களிலேயே தெரிகிறது என்று ஒரு காவல் தட்டு செய்து தந்தார்.

ஆக, எனக்கு ஒரே ஒரு பெரிய காரணம் கிடைக்கவில்லை. பழைய சத்தத்தால் ஒரு சின்னப் பள்ளம், இறுகிய தாடை, நித்திரையின்மை. மூன்றும் சேர்ந்த ஒரு கலவை. "காரணம் தெரியாத" இரைச்சல் என்று சொல்லப்படுவதில் நிறைய இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பாடு. ஸ்கான் விஷயத்தை அவர்களுக்கு அதுவரை நான் சொல்லவில்லை, முடிந்த பிறகுதான் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"உதுக்கே ஸ்கான் எடுத்தனி? உது எனக்கும் இருக்குத்தானே."

"என்ன இருக்கு?"

"உந்த இரைச்சல். ரெண்டு காதிலயும். தொண்ணூற்றி ரெண்டாம் ஆண்டு மட்டில தொடங்கினது."

மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மாவுக்கே தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல்!

"ஏனப்பா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது பிள்ளை. பக்டரியில எல்லாருக்கும் இருந்தது. வேலைக்குப் போறவனுக்குக் காது இரையும்தானே."

அப்பா 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். 1986இலிருந்து மேற்கு லண்டனில் போத்தல் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. கண்ணாடிப் போத்தல்கள் ஒன்றோடொன்று இடிபட்டு ஓடும் அந்த வரிசைக்குப் பக்கத்தில், 2008இல் அதை மூடும்வரை இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறார். வேலையிடச் சத்தத்துக்கு இந்த நாட்டில் 1989இல் விதி வந்தது. 85 டெசிபல் தாண்டினால் கேட்பவருக்குக் காதுக் காப்பு கொடுக்க வேண்டும், 90 தாண்டினால் கட்டாயம் போட வேண்டும். 2006இலிருந்து அந்த எல்லைகளை 80 என்றும் 85 என்றும் இறக்கினார்கள். அப்பாவின் தொழிற்சாலையிலும் வாசலில் ஒரு பெட்டிக்குள் மஞ்சள் பஞ்சு அடைப்பான் இருந்ததாம். "அதைப் போட்டால் பின்னால ஃபோர்க்லிஃப்ட் வாறது கேக்காது. ஆர் போடுறது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு றேடியோ ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் கறுப்பு றேடியோ இருந்தது. அவர் படுக்கும் நேரமெல்லாம் அது ஓடும். பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் முள்ளை விட்டுவிட்டு, "ஷ்ஷ்ஷ்ஷ்" என்று இரையவிட்டுப் படுப்பார். நானும் தம்பியும் அதை எவ்வளவு நக்கலடித்திருப்போம்! அப்பாவுக்கு றேடியோ ட்யூன் பண்ணத் தெரியாது என்று சிநேகிதிகளுக்கெல்லாம் சொன்னேன். அம்மா அந்தச் சத்தம் தாங்காமல் எங்கள் அறைக்கு வந்து படுக்கத் தொடங்கினார். நான் பத்து வயதிலிருந்து பார்த்தது, வேறு வேறு அறையில் படுக்கும் அம்மா அப்பாவைத்தான். அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

2010இல், முதல் சம்பளங்களைச் சேர்த்து அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு நல்ல டிஜிட்டல் றேடியோ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அது அலுமாரிக்குள் போய்விட்டது. பழையதே திரும்பத் தலைமாட்டுக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. டிஜிட்டல் றேடியோவில் ஸ்டேஷன் இழுக்காவிட்டால் "ஷ்ஷ்" வராது, சத்தமே நின்றுவிடும். அப்பாவுக்குத் தேவைப்பட்டதே அந்த "ஷ்ஷ்"தான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. இன்று டினிட்டஸ் கிளினிக்குகளில் இரவுக்கு மழைச் சத்தம், கடல் சத்தம், வெறும் இரைச்சல் என்று மெல்லிய ஒலியைப் போட்டுவிட்டுப் படுக்கச் சொல்கிறார்கள். உள்ளே கேட்கும் சத்தம் பின்னால் போய்விடும். அப்பா இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அவரைக் கேள்விப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக நான்கு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. போனார். அவருடைய கோட்டுப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. இரண்டு காதின் கோடும் 2000 ஹேர்ட்ஸுக்குப் பிறகு மலைச்சரிவு மாதிரிக் கீழே விழுந்திருந்தன. ஒடியோலொஜிஸ்ட் அந்தச் சரிவில் விரலை வைத்துச் சொன்னார்: "ஸ, ஃப, ஷ மாதிரியான மெய்யொலிகள் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆட்கள் கதைப்பது இவருக்குக் கேட்கும். என்ன கதைக்கிறார்கள் என்பது தெளிவாக இராது. பெண்கள், பிள்ளைகள் கதைத்தால் இன்னும் கஷ்டம். சத்தமான இடமென்றால் சொல்லவே வேண்டாம்."

1997. நான் ஆறாம் ஆண்டு. பள்ளிக்கூடத்துப் பெற்றார் மாலை. பெரிய மண்டபத்தில் வரிசையாக மேசைகள், இருபது பேர் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். என் ரீச்சர் மெல்லிய குரலில் கதைக்கும் பெண். எந்த செகண்டரி ஸ்கூலுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டு, "யேஸ், தாங்க் யூ" என்றார். ரீச்சர் திரும்பக் கேட்டார். அப்பா திரும்பவும் "யேஸ், யேஸ்" என்றார். பக்கத்து மேசையில் என் வகுப்புப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடக் கடிதங்களை அப்பாவிடம் நான் கொடுக்கவில்லை. அப்பாவுக்கு இங்கிலீசு விளங்காது, ஏன் அவரைக் கஷ்டப்படுத்துவான் என்று அம்மாவிடம் சொன்னேன். என் பட்டமளிப்பு வரைக்கும் அப்படித்தான்.

தமிழென்றால் அவர் சமாளித்தார். பாதிச் சொல் கேட்டாலே மீதியை நிரப்பிக்கொள்ளப் பழகிய மொழி. இங்கிலீசில் அப்படி நிரப்ப முடியவில்லை. எங்கள் பெற்றோரில் எத்தனை பேரை "பாஷை தெரியாது" என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

காரில் திரும்பி வரும்போது கேட்டேன். "அப்பா, அந்தப் பேரன்ட்ஸ் ஈவினிங் ஞாபகம் இருக்கா?"

"அந்த ஹோலுக்க எனக்கு ஒண்டுமே கேக்கேல்லைப் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அதுவும் கேட்டதா என்று தெரியவில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அன்றிரவு மேசையில் இதையெல்லாம் கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, எனக்கும் மிருதங்க கிளாஸ் முடிய அந்தச் சத்தம் வரும். எல்லாருக்கும் வரும்தானே?"

எத்தனை நாளாக? "எப்பவும்தான். படுக்கேக்க இருக்கும், ஸ்கூலுக்குப் போகேக்க இராது." பிள்ளைகள் இதைத் தாங்களாக வந்து முறையிடுவது குறைவாம். பிறந்ததிலிருந்து இப்படித்தான், எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவே இல்லை, அவனாகத்தான் சொன்னான்.

அடுத்த கிளாஸுக்கு நானும் உள்ளே போய் இருந்தேன். மாஸ்டர் வீட்டு முன் அறை. ஆறு பிள்ளைகள், ஆறு மிருதங்கம், ஒரு கம்பளம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இலவசமாகத் தரும் சத்தம் அளக்கும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு போனேன். ஆறு பேரும் சேர்ந்து வாசிக்கும்போது 94, 95 என்று காட்டியது. அவர்களின் கணக்கில் 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம். மூன்று கூடினால் நேரம் பாதி. 88க்கு நான்கு, 91க்கு இரண்டு, 94க்கு ஒரு மணித்தியாலம். எங்கள் கிளாஸ் ஒன்றரை மணித்தியாலம். இது நாள் தவறாமல் வருடக் கணக்காக வேலை செய்பவர்களுக்குப் போட்ட கணக்கு. கிழமைக்கு ஒரு கிளாஸால் பிள்ளை செவிடாகிவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் கிளாஸ் முடிந்து காது இரைகிறதென்றால், காது தனக்குக் கூடிவிட்டது என்று சொல்கிறது.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். வித்தையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ? பயந்து பயந்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு இருபது வருசமா இரையுது அம்மா" என்றார். "அது வித்தை ஏறுற சத்தம் எண்டு எங்கட குரு பகிடியாச் சொல்லுவார்."

இப்போது அந்த அறையில் தடித்த திரைச்சீலை தொங்குகிறது. பாதிப் பிள்ளைகள் வாசிக்க மற்றவர்கள் கையில் தாளம் போடுகிறார்கள். பிள்ளைகள் எல்லாரிடமும் இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் வடிகட்டி வைத்த காதடைப்பான் இருக்கிறது. அது சொல் தெளிவைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் இறக்குகிறது. வெறும் பஞ்சு அடைத்தால் தொப்பியும் வலந்தலையும் மங்கிப்போகும் என்று மாஸ்டர் தானே இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். மகனின் பரிசோதனை சரியாக வந்தது. ஆனால் அந்த எலிகளை நான் மறக்கவில்லை.

என் இரைச்சல் போகவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் போக்கிவிடுவதாகச் சொல்லி விற்பவர்கள் நிறையப் பேர். கிங்கோ குளிசை, துத்தநாகம் என்று எனக்கும் வட்ஸப்பில் வந்தது. அமெரிக்கக் காது நிபுணர்கள் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி அவற்றை வேண்டாம் என்றே சொல்கிறது. இப்போதைக்கு இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து கிடையாது. நல்ல ஆதாரம் இருப்பது, அதைக் கண்டு பயப்படாமல் இருக்க மனதைப் பழக்கும் உளச் சிகிச்சைக்குத்தான். கேள்வியும் குறைந்தவர்களுக்குக் கேள்விக் கருவி உதவுகிறது. வெளிச் சத்தம் மூளைக்குச் சரியாகப் போகத் தொடங்கினால் அது தன் வொலியூமைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமாம். நான் ஆறு தரம் உளச் சிகிச்சைக்குப் போனேன். தட்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறேன். சில நாட்களில் மத்தியானம் வரை அது இருப்பதே ஞாபகம் வருவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதும் இன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நினைத்தால் வரும், அதன் குணம் அது.

அப்பாவுக்குப் போன ஆவணியில் இரண்டு காதுக்கும் கருவி வந்தது. இங்கே அது இலவசம். முதல் கிழமை, பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம், அம்மா கோப்பை கழுவும் சத்தம் எல்லாம் தாங்க முடியவில்லை என்று கழற்றிக் கழற்றி வைத்தார். இப்போது காலையில் போட்டால் படுக்கும்வரை கழற்றுவதில்லை. போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ரீச்சர் ஏதோ சொல்ல, அப்பா இங்கிலீசில் ஒரு கேள்வி கேட்டார். கணக்கில் ஏன் இவ்வளவு குறைவாக வீட்டு வேலை கொடுக்கிறீர்கள் என்று. மகள் என்னை முறைத்துப் பார்த்தாள்.

இரவில் கருவியைக் கழற்றியதும் இரைச்சல் வந்துவிடும். அதற்கென்று தலையணைக்குக் கீழே வைக்கும் ஒரு தட்டை ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். மழைச் சத்தம், அருவிச் சத்தம், காட்டுச் சத்தம் எல்லாம் வரும். பக்கத்தில் படுப்பவருக்குக் கேட்காது. அதை நம்பி அம்மாவும் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்குப் போனார்.

மூன்றாம் நாள் அம்மா போன் எடுத்தார். "உன்ர அப்பா நீ வாங்கிக் குடுத்ததைக் கழட்டி வைச்சிட்டார் பிள்ளை. அந்தப் பழைய சனியன் திரும்பவும் இரையுது."

"ஏனாம்?"

அப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது. "மழை பெய்யிற சத்தம் கேட்டால் கொடியில உடுப்புக் கிடக்கோ எண்டு எழும்பிப் பாக்க வேண்டிக்கிடக்கு எண்டு சொல்லு."

"நீங்கள் இப்ப எந்த அறையிலயம்மா படுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"இஞ்சதான்" என்றார் அம்மா. "காதுக்குப் பஞ்சு வைச்சிருக்கிறன்."